மாம்பலம் ஸ்டேஷனில் நெரிசல் எங்கே தொடங்குகிறது?

[காட்சி: மாம்பலம் நடைமேடை, மாலை. ரயில் வந்து நிற்கும் சத்தத்தோடு குரல் தொடங்குகிறது.]

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. தாம்பரம் பக்கமிருந்து வந்த மின்சார ரயில் மாம்பலத்தில் நிற்கிறது. சரியாகச் சொன்னால், அது நிற்பதற்கு முன்பே வாசலில் இருந்தவர்கள் குதித்துவிட்டார்கள். அரை நிமிடம் ஆகியிருக்குமா, வண்டி கிளம்பிவிட்டது. இறங்கிய கூட்டம் மட்டும் கிளம்பவில்லை. மேம்பாலத்துக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் தேங்கி நிற்கிறது. முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்தபடி ஒரு படி, அப்புறம் கொஞ்சம் நிற்பது, அப்புறம் இன்னொரு படி. மேலேயிருந்து இரண்டு கையிலும் கட்டைப்பையோடு ஒரு குடும்பம் இறங்கி வருகிறது. அந்தப் பைகளுக்கு வழிவிட வேண்டியிருப்பதால் ஏறுகிற வரிசை இரண்டிலிருந்து ஒன்றாகச் சுருங்குகிறது. அதற்குள் அடுத்த வண்டியின் ஹாரன் கேட்கிறது.

சென்னையின் மாம்பலம் ஸ்டேஷனைப் பற்றி யார் பேசினாலும் வாசலில் இருக்கிற கடைத்தெருவான ரங்கநாதன் தெருவில்தான் ஆரம்பிப்பார்கள். நாம் அந்தத் தெருவுக்குக் கடைசியில் போவோம். இந்த வீடியோ அந்தப் படிக்கட்டைப் பற்றியது. ஒரு புறநகர் ரயில் நிலையம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதைத் தண்டவாளம் முடிவு செய்கிறதா, ரயில் முடிவு செய்கிறதா, இல்லை வெளியே போகும் வழி முடிவு செய்கிறதா? மாம்பலத்தில் கொஞ்ச நேரம் நின்றால் பதில் கண்ணுக்கு முன்னாலேயே கிடைக்கும்.

[காட்சி: பழைய சென்னை வரைபடம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீலமாக ஓர் ஏரி.]

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம்.

இன்று தியாகராய நகர் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் பக்கம் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலேயர்கள் அதற்கு 'நீண்ட ஏரி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தெற்கே செங்கல்பட்டுக்குப் போகும் ரயில் பாதை 1870களில் வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் ஏரி, வயல், சின்னக் கிராமங்கள். நகரம் பெருகி வீட்டுமனை தேவைப்பட்டதும் 1920களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். அப்போது நீதிக்கட்சி ஆட்சி. அதனால்தான் ஊருக்கு அந்தக் கட்சியின் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர், நடுவில் இருக்கிற பூங்காவுக்கு அதே கட்சியின் பனகல் அரசர் பெயர்.

மனை போட்ட சூட்டோடு சூடாக மின்சார ரயிலும் வந்துவிட்டது. 1931இல் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதையில், மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. தென்னிந்தியாவில் மின்மயமான முதல் பாதை இதுதான். மற்ற ரயில்கள் எல்லாம் கரி தின்று புகை விட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது மட்டும் சத்தம் போடாமல் ஓடியது. 'மின்சார ரயில்', 'எலெக்ட்ரிக் ட்ரெயின்' என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். இன்றைக்கு வைகை எக்ஸ்பிரஸ்கூட மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் நம் ஊரில் மின்சார ரயில் என்றால் அது தாம்பரம் வண்டிதான்!

ஆரம்பத்தில் 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1960களில் அதை 25,000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 வரை ஓடின. அதற்குப் பிறகு முழுக்க அகலப் பாதை. அகலப் பாதைப் பெட்டி மீட்டர் கேஜ் பெட்டியைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் அதிகம். பிறகு வண்டியின் நீளமும் கூடியது. ஒன்பது பெட்டி பன்னிரண்டு பெட்டி ஆனது, அதற்கேற்ப நடைமேடைகளை நீட்டினார்கள். ஒரு பெட்டிக்கு ஏறத்தாழ 21 மீட்டர் என்று வைத்தால் முழு வண்டியும் கால் கிலோமீட்டரைத் தாண்டும்.

ரயில் நீண்டது, அகலமானது, அடிக்கடியும் வர ஆரம்பித்தது. படிக்கட்டு அந்த வேகத்தில் வளரவில்லை.

[காட்சி: நடைமேடையின் நீளவாக்குப் படம். பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக, படிக்கட்டுக்கு நேரே நிற்கும் பெட்டிகள் மட்டும் சிவப்பாக.]

இந்தப் படத்தைப் பாருங்கள். வண்டி கால் கிலோமீட்டர் நீளம், ஆனால் படிக்கட்டு இருப்பது சில இடங்களில் மட்டும்தான். தினமும் போய்வருகிறவர்களுக்கு எந்தப் பெட்டி எந்தப் படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்று மனப்பாடம். குரோம்பேட்டையில் ஏறும்போதே அதற்கேற்ற இடத்தில் போய் நின்றுகொள்வார்கள். அதனால் ஒரே ரயிலில் இந்தப் பெட்டியில் மூச்சுவிட முடியாது, நாலு பெட்டி தள்ளிப் போனால் உட்கார இடம் கிடைக்கும். மாம்பலத்தின் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பது இருபது நிமிடத்துக்கு முன்னால், வேறொரு ஸ்டேஷனில், யார் எந்தப் பெட்டியில் ஏறுகிறார்கள் என்பதை முடிவு செய்கிறது. எனக்கு இது ரொம்ப நாள் ஆச்சரியமாக இருந்தது. இப்போது நானே அப்படித்தான் ஏறுகிறேன்.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது புரிந்துகொள்வதற்காக நான் வைத்துக்கொண்ட எண்ணிக்கை, ரயில்வேயின் கணக்கு அல்ல. ஒரு வண்டியிலிருந்து 600 பேர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே படிக்கட்டைப் பிடிக்கிறார்கள். அதன் அகலம் இரண்டரை மீட்டர். நெருக்கியடித்து ஏறும்போது ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 50 பேர் ஏறினாலே பெரிய விஷயம். அப்படியென்றால் நிமிடத்துக்கு 125 பேர். 600 பேர் ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து நிமிடம். இதெல்லாம் எல்லோரும் ஒரே திசையில் போனால்தான். மேலேயிருந்து இறங்குகிறவர்கள் பாதி அகலத்தை எடுத்துக்கொண்டால் ஐந்து பத்தாகிவிடும். பத்து நிமிடத்துக்குள் அடுத்த வண்டி வந்துவிடும். எதிர்த் திசையிலும் ஒன்று வரும்.

ஆகவே நெரிசல் நேரத்தில் ரயில் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டுமே தீர்வு என்று சொல்ல முடியாது. அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டின ஒவ்வொரு வண்டியும் தன் கூட்டத்தை அதே படிக்கட்டின் அடியில்தான் கொண்டுவந்து கொட்டும்.

பொறுமை போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நடைமேடை முனைக்குப் போய், சரிவில் இறங்கி, தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டிவிடுகிறார்கள். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி இதற்கு 1000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் தெரியாமல் யாரும் தாண்டுவதில்லை. ஏறுகிற ஐந்து நிமிடத்தையும் தாண்டுகிற ஐந்து நொடியையும் மனசு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

[காட்சி: வழித்தட வரைபடம், கடற்கரை முதல் செங்கல்பட்டு வரை.]

இங்கே என்னென்ன வண்டிகள் நிற்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடம்பாக்கத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது மாம்பலம். அதிகாலை நான்கு மணி வாக்கில் ஆரம்பித்து நள்ளிரவு வரை கடற்கரை–தாம்பரம் வண்டிகள், செங்கல்பட்டு வண்டிகள், திருமால்பூர் வரை போகிறவை, காஞ்சிபுரத்தைச் சுற்றி அரக்கோணம் போகும் ஓரிரண்டு. தெற்கே போகிற சில எக்ஸ்பிரஸ்களும் நின்று போகும். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே நான்கு பாதைகள் இருக்கின்றன. வழக்கமாக இரண்டில் புறநகர் வண்டிகள், மற்ற இரண்டில் எக்ஸ்பிரஸ்கள்.

குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் 5 ரூபாய்தான். 2025 ஜூலையில் ரயில் கட்டணம் ஏறியபோதும் புறநகர் டிக்கெட்டையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. டீ குடிக்க 15 ரூபாய் ஆகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. கவுன்ட்டர் வரிசையும் முன்பு போல இல்லை. எழும்பூர்–தாம்பரம் பாதையில் 2015இலேயே செல்போனில் காகிதமில்லா டிக்கெட் எடுக்கும் வசதி வந்துவிட்டது. 2025இல் ரயில்ஒன் செயலி வந்தது. அதே வருடம் செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கிற சென்னை ஒன் செயலியும் வந்தது. டிக்கெட் எடுப்பதில் இருந்த தாமதத்தை இப்படிக் கைபேசிக்குள் தள்ளிவிட முடிந்தது. படிக்கட்டைக் கைபேசிக்குள் தள்ள முடியாது.

2025 ஏப்ரல் 19 முதல் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் செய்த பன்னிரண்டு பெட்டி வண்டி, தானாக மூடும் கதவு, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். மாம்பலத்தில் நிற்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஓடுவது சில நடைகள்தான். சாதா டிக்கெட்டோ சாதா சீசனோ வைத்துக்கொண்டு இதில் ஏறக் கூடாது என்பது தெரியாமல் ஓடிப்போய் ஏறி, கதவு மூடியபின் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இதில் ஏசியைவிடக் கதவுதான் பெரிய விஷயம். கதவு மூடினால்தான் வண்டி நகரும். படியில் தொங்க முடியாது.

அது ஏன் பெரிய விஷயம் என்பதற்கு ஒரு காலை நேரத்தை நினைவுபடுத்தினால் போதும். 2018 ஜூலை 24. கோடம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் இடையே மேலே போகும் மின்கம்பியில் கோளாறு. புறநகர் வண்டிகள் தாமதமாகி, சிலவற்றை எக்ஸ்பிரஸ் பாதைக்கு மாற்றிவிட்டார்கள். நடைமேடைகளில் கூட்டம் குவிந்திருந்ததால் வந்த வண்டியில் கிடைத்த இடத்தில் தொற்றிக்கொண்டார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்பு இருந்தது. வழக்கமான பாதையில் அந்தத் தடுப்பு குறுக்கே வராது. படியில் தொங்கியவர்கள் அதில் மோதினார்கள். உயிர்கள் போயின.

'ஃபாஸ்ட் லைனில் வருகிறது' என்ற அறிவிப்பு இன்றும் மாம்பலத்தில் கேட்கும். புறநகர் நடைமேடையில் நிற்கிற மொத்தக் கூட்டமும் எக்ஸ்பிரஸ் நடைமேடைக்கு ஓட வேண்டும். எதன் வழியாக? அதே படிக்கட்டு, அதே பாலம். ஒருமுறை நானும் அப்படி ஓடி, மேலே ஏறி, பாலத்தின் பாதியில் நின்றபடி என் வண்டி கீழே கிளம்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "விடுப்பா, இதுக்கு சைதாப்பேட்டைக்கே நடந்திருக்கலாம்" என்றார்.

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். ஒருபுறம் மேற்கு மாம்பலம், மறுபுறம் தி.நகர், நடுவில் ரயில் பாதை.]

இன்னொரு விஷயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நடக்கிற எல்லோரும் ரயிலில் ஏறுகிறவர்கள் அல்ல. மேற்கு மாம்பலத்திலிருந்து தி.நகருக்குக் கடைக்குப் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், டியூஷன் போகிற பிள்ளைகள் எனப் பலருக்கு இந்த ஸ்டேஷன் ஒரு தெரு மாதிரி. வண்டியில் போக துரைசாமி சுரங்கப்பாதை, மேட்லி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை உண்டு. பெரிய மழை வந்தால் இவற்றில் தண்ணீர் நின்றுவிடும். ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர் அல்லவா, தண்ணீர் பழைய வீட்டு ஞாபகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மாதிரி நாளில் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்க்க மேலே இருக்கிற பாலத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

சரி, இப்போது ரங்கநாதன் தெரு.

ஸ்டேஷனை விட்டு வெளியே கால் வைத்தால் தெரு. நடுவில் முற்றம், பஸ் நிற்க இடம், ஆட்டோ ஸ்டாண்ட் எதுவும் கிடையாது. படியிறங்கின இடத்திலேயே ஹேர்பின், கொய்யா, பத்து ரூபாய் சீப்பு, செல்போன் கவர். அதைத் தாண்டினால் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை. ரயிலிலிருந்து இறங்கியவர் வேகமாக வெளியேறத்தான் பார்ப்பார், ஆனால் வெளியே வந்த முதல் அடியில் முன்னால் ஒருவர் கொய்யாவுக்கு உப்பு மிளகாய்த்தூள் போடச் சொல்லி நின்றுகொண்டிருப்பார். அந்த ஒரு நிறுத்தம் பின்னோக்கிப் போய்ப் படிக்கட்டின் கடைசி ஆள் வரைக்கும் தெரியும். கொய்யா விற்பவரைக் குறை சொல்வதற்கில்லை. கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வியாபாரம். ஸ்டேஷன் வாசலுக்கும் ஊருக்கும் நடுவில் காற்று வாங்க ஒரு இடம் விடாமல் போனதுதான் பிரச்சினை. இதை இப்போது உருவாக்கவும் முடியாது, ஏனென்றால் இங்கே ஒரு சதுர அடி நிலத்தின் விலை உங்களுக்கே தெரியும்.

தரையில் இடமில்லாவிட்டால் ஆகாயத்தில் தேட வேண்டியதுதான்.

[காட்சி: ஆகாய நடைபாதையில் கேமரா நடந்து போகிறது. கீழே தெரு.]

2023 மே 16 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த ஆகாய நடைபாதை இது. ஸ்கைவாக் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் அகலம், செலவு 28.45 கோடி ரூபாய். லிஃப்டும் நகரும் படிக்கட்டும் உண்டு. ரயிலிலிருந்து இறங்கி ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு ஏறிவிட்டால், திரும்பத் தரைக்கு இறங்காமல் நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய்விடலாம். சாதாரண வேகத்தில் நடந்தால் எட்டு நிமிடம். கீழே தெரு வழியாகப் போனால் எத்தனை நிமிடம் என்பது அன்று என்ன கிழமை, என்ன மாதம், யார் கடையில் தள்ளுபடி என்பதைப் பொறுத்தது.

நல்ல வேலைதான். ரயிலையும் பஸ்ஸையும் ஒட்டவைத்த இந்த மாதிரி இணைப்பு சென்னையில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ண விரல்கள் போதும். பஸ் மாறுகிறவர்கள் கடைத்தெருக் கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்டார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இது பெரிய நிம்மதி.

ஆனால் இதன் எல்லையையும் பார்க்க வேண்டும். மாம்பலத்தில் இறங்குகிற நிறைய பேருக்கு ரங்கநாதன் தெரு கடந்து போகிற வழி கிடையாது, போய்ச் சேருகிற இடமே அதுதான். அவர்கள் மேலே நடக்கப் போவதில்லை. அப்புறம் ஸ்கைவாக் தொடங்குவது மேம்பாலத்திலிருந்து. மேம்பாலத்துக்குப் போக நடைமேடையிலிருந்து அதே படிக்கட்டை ஏறித்தான் ஆக வேண்டும். வீட்டில் பைப்பின் இந்த முனையில் அடைப்பு இருக்கும்போது அந்த முனையில் பெரிய குழாய் மாட்டிய கதை மாதிரி. தண்ணீர் விழுகிற இடம் விசாலமாகிவிட்டது, வருகிற வேகம் மாறவில்லை.

ரயில்வேயின் அம்ருத் பாரத் திட்டத்தில் மேம்படுத்தும் ஸ்டேஷன்கள் பட்டியலில் மாம்பலமும் இருக்கிறது. இதே பாதையில் பரங்கிமலை ஸ்டேஷன் அந்தத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே 22 அன்று திறக்கப்பட்டது. இந்தத் திட்ட அறிவிப்புகளோடு வரும் படங்களில் முகப்பு வளைவும் விளக்கும் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நான் மாம்பலத்துக்கான வரைபடத்தில் தேடுவது வேறு. நடைமேடையிலிருந்து மேலே போகும் படிக்கட்டுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், கால் கிலோமீட்டர் வண்டியின் எந்தெந்தப் பெட்டிக்கு நேரே, ஏறவும் இறங்கவும் தனித்தனியாகவா? முகப்பு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

பக்கத்திலேயே மெட்ரோவும் வருகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் பாதையில் பனகல் பூங்காவிலும் கோடம்பாக்கத்திலும் சுரங்க நிலையங்கள். தி.நகர் கடைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதி இனி பனகல் பூங்காவில் இறங்கலாம். ஆனால் தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கமிருந்து 5 ரூபாய், 10 ரூபாய் டிக்கெட்டில் வருகிறவர்கள் தொடர்ந்து மாம்பலத்தில்தான் இறங்குவார்கள்.

[காட்சி: இரவு எட்டரை மணி. பஸ் நிலையப் பக்கம் நகரும் படிக்கட்டு.]

தி.நகரில் துணி எடுத்துவிட்டு ரயிலில் திரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டு கையிலும் பையோடு ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் புகுந்து ஸ்டேஷன் வாசலைப் பிடிக்க முயல வேண்டாம். உஸ்மான் ரோடு பக்கமாக வந்து பஸ் நிலைய முனையில் ஸ்கைவாக்கில் ஏறிவிடுங்கள். எட்டு நிமிடம் கூடுதலாக நடந்தாலும் ஸ்டேஷனுக்கு மேலிருந்தே வந்து சேர்வீர்கள். நடைமேடைக்கு இறங்கும்போது கைப்பிடியை ஒட்டி இடப்பக்கமாக இறங்குங்கள், கட்டைப்பையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு வண்டி இப்போதுதான் வந்து நின்றிருக்கும்.